சித்திரை முடிந்து இலங்கைக்கு: மதுரையிலிருந்து முதல்முறை குழுவாகக் கிளம்புகிறவர்களுக்கு

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற எங்கள் கூட்டம் இதுவரை மூன்று முறை இலங்கைக்குப் போய் வந்திருக்கிறது. முதல் பயணம் பாதிக்கு மேல் வீண். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது பயணத்தைப் பற்றிய பேச்சு குளத்தின் நான்கு கரையிலும் இன்னும் ஓயவில்லை. மூன்றிலும் கற்றுக்கொண்டதை, புதிதாகக் கிளம்ப நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ராமேஸ்வரம் பஸ்ஸில் பரமக்குடியைத் தாண்டுவதற்குள் அங்கே இறங்கிவிடலாம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் முன்னேற்பாடு இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் மாதம், பிறகு இடம்

எங்கள் முதல் பயணம் மே மாதத்தில். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியிருந்தார், பிள்ளைகளுக்கும் விடுமுறை. விளம்பரத் தாளில் நீலத் திமிங்கிலம் படம் பெரிதாகப் போட்டிருந்தது. தென்கோடியில் இருக்கும் மிரிசாவுக்குப் போய்ச் சேர்ந்தால் கடல் கறுத்துக் கொந்தளித்துக் கொண்டிருந்தது. படகு எதுவும் கிளம்பவில்லை. இரண்டு நாள் ஓட்டல் சன்னலிலிருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு அந்த மாதத்தில் அந்தக் கடல் அப்படித்தான் இருக்கும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மிரிசா பக்கத்தை நனைக்கும். அப்போது கிழக்குக் கரையில் திருகோணமலைக் கடல் குளம் போலக் கிடக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை கிழக்கைப் பிடித்துக்கொள்ளும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரை தெளிந்துவிடும். மிரிசாவில் திமிங்கிலம் பார்க்க ஏற்ற காலமும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான்.

ஆகவே மே விடுமுறையில் போகிறவர்கள் கிழக்கே போங்கள். அரையாண்டு விடுமுறையிலோ பொங்கலை ஒட்டியோ போகிறவர்கள் தெற்கே போங்கள். எட்டு நாளில் இரண்டு கரையையும் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் திட்டத்தைத் தொடாதீர்கள். நீங்கள் பார்ப்பது பஸ் சன்னலாகத்தான் இருக்கும்.

எத்தனை பேர், யாரிடம்

பன்னிரண்டிலிருந்து பதினாறு பேர் வரை போவது நல்லது. அங்கே ‘கோஸ்டர்’ என்று சொல்லும் சிறிய பஸ்ஸில் பெட்டிகளோடு தாராளமாக உட்காரலாம். நாற்பது பேர் போனால் கழிப்பறை வரிசையிலேயே அரை நாள் போய்விடும்.

ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். நுழைவுக் கட்டணங்கள் தொகைக்குள் அடங்குமா? காட்டுக்குள் போகும் ஜீப் வாடகை அடங்குமா? அது தனி என்றால் ஒரு ஜீப்புக்கு எத்தனை பேர்? ஒரே ஊரில் அடுத்தடுத்து எத்தனை இரவு தங்குகிறோம்? மழையால் படகோ ரயிலோ நின்றுபோனால் அதற்கு மாற்று என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்டவுடன் மழுப்புகிறவரை விட்டு விலகிவிடுங்கள்.

வழிகாட்டியைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். ஓட்டுநரே வழிகாட்டியாக வருவதும் உண்டு, தனி வழிகாட்டி வருவதும் உண்டு. குழுவாகப் போகும்போது தனி வழிகாட்டிதான் சரி. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுக்கும் உரிமம் இருக்க வேண்டும், தமிழ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மூன்றாவது பயணம் நன்றாக அமைந்ததில் முக்கால் பங்கு எங்கள் வழிகாட்டிக்குச் சேரும். கண்டிக்காரர், சிங்களவர், மலையகத்துப் பள்ளித் தோழர்களிடம் தமிழ் கற்றவர். ஓர் இடத்துக்குப் போவதற்கு முந்தைய இரவே சாப்பாட்டு மேசையில் அந்த இடத்தின் கதையைச் சொல்லிவிடுவார். மறுநாள் அங்கே நிற்கும்போது பேசாமல் விலகி நிற்பார்.

தாள்களும் பணமும்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். மூத்தவர்களில் பாதிப்பேருக்கு முதல் பாஸ்போர்ட்டாக இருக்கும் என்பதால், விண்ணப்பம், காவல்துறை விசாரணை எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பழைய ஆவணங்களில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி இருப்பதுதான் நம் பக்கத்தில் வரும் பெரிய தொல்லை. அதை முதலில் சரிபாருங்கள்.

இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டுமே எடுங்கள். அதே போன்ற தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அனுமதித் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இந்தியாவிலிருந்து வெளியே போகும்போது நம் பணமாக ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் கொண்டுபோகலாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வந்தவுடன் வங்கி முகப்புகள் வரிசையாக இருக்கும். அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், தொலைபேசி சிம்மும் அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். சிகிரியா போன்ற இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டு. அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் தருவார்கள். ஓட்டல் பெட்டகத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் போனால் முழுக் கட்டணம் கட்ட வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு

சிகிரியாப் பாறையில் ஏறத்தாழ 1,200 படிகள். முழங்கால் பழகாமல் போய்ப் பாதியில் உட்காராதீர்கள். நாங்கள் மூன்று வாரம், ஞாயிறுதோறும் விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். பேச்சிப்பள்ளம் வரை ஏறி, சமணச் சிற்பங்கள் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இறங்குவோம். அறுபத்தெட்டு வயதுப் பெரியம்மா ஒருவர் முதல் வாரம் இரண்டு இடத்தில் நின்றார், மூன்றாவது வாரம் எங்களுக்கு முன்னால் போனார். சிகிரியாவில் உச்சிக்கு முதலில் போனதும் அவர்தான். இந்தப் பழக்கத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: யார் வேகமாக நடப்பார், யாருக்குத் துணை தேவை என்பது விமானம் ஏறுவதற்கு முன்பே குழுவுக்குத் தெரிந்துவிடுகிறது.

பெட்டியில் முழங்காலையும் தோளையும் மறைக்கும் வெளிர்நிற உடைகள், எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, காட்டுக்கு மண்நிறச் சட்டை, மலைக்கு ஒரு கம்பளிச் சட்டை. நுவரெலியாவில் இரவு கொடைக்கானல் குளிர் அடிக்கும். தினசரி மருந்துகளோடு மருத்துவர் சீட்டையும் வையுங்கள். அவசரத்துக்கு அங்கே 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் வரும். காவல்துறைக்கு 119.

நாள் வாரியாக ஒரு திட்டம்

அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். விரைவுச்சாலை தவிர மற்றச் சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் போனாலே அதிகம். விமான நிலையத்திலிருந்து சிகிரியா பக்கத்துக்கு நான்கு மணி நேரம் ஆகும். முதல் நாளில் வேறு எதையும் வைக்காமல் நேராக அங்கே போய், ஹபரணை அல்லது சிகிரியாவில் மூன்று இரவு ஒரே அறையில் தங்குங்கள். பண்பாடும் காடும் அந்த வட்டாரத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கே சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அந்தப் பாறைமேல் அரண்மனை கட்டினான். பாறையில் வரைந்த பெண்களின் ஓவியங்களைப் பார்க்கும்போது சித்தன்னவாசல் நினைவுக்கு வராமல் இருக்காது. பாறையில் குளவிக்கூடுகள் இருப்பதால் கூச்சல் போடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்குள் இறங்கிச் சாப்பிட்டு உறங்குங்கள். மூன்று மணிக்கு மின்னேரியா.

மின்னேரியா என்பது மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் வெட்டிய ஏரி. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, கரையில் இளம்புல் முளைக்கிறது. அதைத் தேடி ஜூலை முதல் செப்டம்பர் வரை சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகின்றன. தண்ணீர் நிலவரத்தைப் பொறுத்துச் சில நாள் பக்கத்தில் உள்ள கவுடுல்லையிலோ ஹுருலுவிலோ யானைகள் அதிகம் இருக்கும். எங்கே போவது என்பதை அன்று மதியம் வழிகாட்டி முடிவு செய்யட்டும்.

நாங்கள் போனது ஆகஸ்ட் மாதம். திறந்த ஜீப்பில் ஆறு பேர். புதரை விட்டு வெளியே வந்ததும் ஏரிப்படுகை முழுவதும் சாம்பல்நிறமாக அசைந்துகொண்டிருந்தது. கோயில் யானையை மட்டுமே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சங்கிலி இல்லாத யானை எப்படி நடக்கும் என்பதே அன்றுதான் தெரிந்தது. ஒரு தாய் யானை புல்லைத் துதிக்கையால் சுருட்டி, முன்காலால் வேரைத் தட்டி, மண்ணை உதறி, பிறகுதான் வாயில் வைத்தது. அதன் வயிற்றுக்கடியில் நின்ற குட்டி அதையே செய்து பார்த்தது. துதிக்கையிலிருந்து புல் நழுவி நழுவி விழுந்தது. ஐந்தாவது தடவையில் ஒரு கொத்து வாய்க்குள் போனது. ஜீப்பில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. இலங்கை ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம் உண்டு என்று வழிகாட்டி முந்தைய இரவே சொல்லியிருந்ததால், தந்தம் எங்கே என்று கேட்கவும் ஆளில்லை.

காட்டில் ஜீப்பை விட்டு இறங்காதீர்கள், கத்தாதீர்கள். கூடுதல் பணம் தருகிறேன், இன்னும் கிட்டே போங்கள் என்று ஓட்டுநரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். யானை மிரள்வதற்கு அந்த ஆசைதான் காரணமாகிறது. யானை மேல் சவாரி என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். சங்கிலியில்லாமல் பார்த்த பிறகு அதற்கு மனம் வராது.

மூன்றாம் நாள் பொலன்னறுவை. சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட தலைநகரம். அங்கே இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை வைத்திருக்கும் சிறிய கற்கோயிலைத் தவறவிடாதீர்கள். வானவன் மாதேவீஸ்வரம் என்பது அதன் பெயர், பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கட்டுமானம். சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் விரலைக் கல்லில் படாமல் எழுத்தின்மேல் ஓட்டி, ‘ஸ்ரீ’ என்று தொடங்கி ஒரு வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். வெயில் சுட்டது. யாரும் நகரவில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் கூரையில்லாத முதலாம் சிவ தேவாலயத்தைப் பாண்டியர் பாணி என்கிறார்கள். அங்கே வேலைப்பாட்டைப் பார்த்தால் நம் ஊர்க் கல்தச்சர் கை தெரிகிறது. ஒரே பாறையில் செதுக்கிய கல் விகாரையின் புத்தர்களை மாலை வெயிலில் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைச் செய்வித்த முதலாம் பராக்கிரமபாகுவே மதுரை அரியணைப் போட்டியில் ஒரு தரப்புக்காகப் படை அனுப்பியவர்.

நான்காம் நாளிலிருந்து பாதை பிரியும். கோடை என்றால் கிழக்கே திருகோணமலை, இரண்டு இரவு. பிறகு தம்புள்ளை வழியாகக் கண்டி. குளிர்காலம் என்றால் நேராகக் கண்டி, மலை, உடவளவை, தென்கரை.

திருகோணமலையில் சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசுவரம் கடலுக்கு மேல் செங்குத்தான பாறையில் நிற்கிறது. கோட்டை வழியாக ஏறும்போது புள்ளிமான்கள் குறுக்கே வந்து நிற்கும். உணவு ஊட்டாதீர்கள். நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களும் மிதவை உடை அணிந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும். பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள். அது கல் இல்லை, உயிர்.

தெற்கே போகிறவர்களுக்கு உடவளவையில் ஆண்டு முழுவதும் யானை உண்டு. அங்கே தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பவும் காட்டில் விடும் இல்லம் ஒன்று இருக்கிறது. பால் கொடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். சிறுத்தைக்காக யால தேசியப் பூங்காவுக்குப் போக விரும்பினால், பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் முதல் அக்டோபர் பாதி வரை முக்கியப் பகுதியை மூடிவிடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். சிறுத்தை கண்ணில் படுவதற்கு உறுதி கிடையாது. மிரிசாவில் திமிங்கிலப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாந்தி மாத்திரை போட்டு, இட்லி அளவுக்கு எளிதாக ஏதாவது சாப்பிடுங்கள். காலி கோட்டைச் சுவர்மேல் மாலையில் நடந்துவிட்டு விரைவுச்சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கொழும்பு. தேசிய அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், பாரசீகத்தோடு மூன்றாவது மொழி தமிழ்.

கண்டியில்

எந்தப் பருவத்தில் போனாலும் கண்டியை விடாதீர்கள். மாலைப் பூசைக்கு ஆறு மணிக்குள், புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் போய்விடுங்கள். வெள்ளை உடை நல்லது. தாமரையும் நீலோற்பலமும் வாசலில் விற்பார்கள். சாமிக்கு வாங்கிய பூவை நாம் முகராதது போலத்தான் அங்கும். எந்தப் புத்தர் சிலைக்கும் முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது பெரிய மனவருத்தம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் படை அந்தப் புனிதப் பல்லை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தது என்றும், இலங்கை மன்னர் தாமே பாண்டியனிடம் வந்து கேட்டு வாங்கிப் போனார் என்றும் அவர்களுடைய பழைய வரலாறு சொல்கிறது. நாங்கள் மதுரைக்காரர்கள் என்று தெரிந்து வழிகாட்டி இதைச் சொன்னபோது, அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வீட்டுக்கதை சொல்வது போல் சொன்னார். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட கடைசி நான்கு மன்னர்களும் நாயக்கர்கள், மதுரையோடு பெண் கொடுத்து எடுத்த உறவு. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைச் சிறையில் 1832இல் இறந்தார்.

கண்டியிலிருந்து தேயிலை மலைக்கு ரயிலில் போவது அழகு. மழைச் சேதத்தால் அந்தப் பாதை தடைபடுவதும் உண்டு என்பதால் முதலிலேயே விசாரியுங்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிப் பக்கங்களிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள். கூடையோடு நிற்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முதலில் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். ஓர் அக்கா எங்களிடம், “எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டார். மதுரை என்றதும், “எங்கள் பாட்டன் மேலூர்ப் பக்கம் என்று அப்பா சொல்வார். ஊர் பெயர் மறந்துவிட்டது” என்றார். விரல்நுனிகள் தேயிலைக் கறையில் கறுத்திருந்தன. எங்கள் குழுவில் இரண்டு பேர் மேலூர்க்காரர்கள். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அன்று ஒரு நீர்வீழ்ச்சி பார்க்க நேரம் இல்லாமல் போயிற்று. அதற்காக யாரும் வருந்தவில்லை.

சாப்பாடும் பேச்சும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது மாசி. உலர்ந்த மீன் துருவல். தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிகளிலும் அதைச் சேர்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. “மாசி போடாமல்” என்று முன்பே சொல்லுங்கள். சிங்களத்தில் மாலு என்றால் மீன், மஸ் என்றால் இறைச்சி, எபா என்றால் வேண்டாம். இடியப்பமும் பால்சோறும் எங்கும் கிடைக்கும். பௌர்ணமி அங்கே ‘போயா’ விடுமுறை. கடைகள் பல மூடியிருக்கும், மதுவும் விற்க மாட்டார்கள். அன்று கோயில் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் பாண், பேசுவதற்குக் கதைப்பது, அழகுக்கு வடிவு. அவர்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். போரைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். எங்களுக்குத் திருகோணமலையில் ஒரு கடைக்காரர் சொன்னார். தேநீர் ஆறிப்போகும் வரை கேட்டோம்.

திரும்பும் நாள்

கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் வைத்துக்கொண்டால் காலையில் பதற்றம் இருக்காது. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கும் அன்பளிப்பைக் குழுவாகச் சேர்த்து, இரண்டு உறையில் போட்டு, குழுவில் மூத்தவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். மீதமிருக்கும் இலங்கை ரூபாயை விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள். மதுரையில் அதை வாங்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.